சந்நிதி விளக்கும் கம்பிக் கணக்கும்



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் முன்னோர் எழுப்பிய ஆலயங்கள் பல. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களில் வாழ்ந்தோர் பட்டணம் சென்றனர். மின்கம்பம் எட்டாத ஆலயங்களுக்குச் சூரிய சக்தி மின்சாரம் நல்ல துணை. தகடும் பேட்டரியும் வாங்கித் தர உபயகாரர்கள் உண்டு. கம்பியை யாரும் நினைப்பதில்லை. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

செம்பனை நிழல் தகட்டுக்கு ஆகாது. ஆகவே தகட்டையும் பேட்டரியையும் வெட்டவெளியில் வைத்து, சந்நிதிக்குக் கம்பி இழுக்க நேர்கிறது. நீண்ட குழாயின் கடைசியில் தண்ணீர் அழுத்தம் குறைவதுபோல, நீண்ட கம்பியின் கடைசியில் வோல்ட் குறையும். ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியே இதற்கு அடிப்படை.

கணக்கு எளிது. தூரத்தை (மீட்டர்) இரண்டால் பெருக்குங்கள். மின்சாரம் போகவும் வரவும் இரு கம்பிகள் வேண்டுமல்லவா? அதை ஆம்பியராலும், பிறகு 0.02 என்ற எண்ணாலும் பெருக்குங்கள். சூடேறிய செம்புக் கம்பிக்கு உரிய எண் அது. வந்த தொகையைக் கம்பியின் பருமனால் (சதுர மில்லிமீட்டர்) வகுத்தால், இழக்கும் வோல்ட் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: 12 வோல்ட் பேட்டரி, 60 வாட் விளக்குகள், தூரம் 30 மீட்டர். 60-ஐ 12-ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். 30 × 2 × 5 × 0.02 = 6. கம்பி 2.5 சதுர மி.மீ. என்றால் இழப்பு 2.4 வோல்ட், அதாவது நூற்றுக்கு 20. சந்நிதிக்குச் சேர்வது 9.6 வோல்ட்தான். விளக்கு மங்கும், அல்லது எரியாது. குற்றம் தகட்டின் மேல் சொல்லப்படும்!

10 சதுர மி.மீ. கம்பி போட்டால் இழப்பு 0.6 வோல்ட், நூற்றுக்கு 5. ஆனால் நான்கு மடங்கு செம்பு வேண்டும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கினால், ஆம்பியர் 2.5-ஆகக் குறைகிறது. பழைய 2.5 சதுர மி.மீ. கம்பியிலேயே இழப்பு 1.2 வோல்ட், அதுவும் நூற்றுக்கு 5-தான். 4 சதுர மி.மீ. போட்டால் சுமார் 3. அதுவே நல்ல அளவு. விளக்கு, தகடு, கட்டுப்பாட்டுக் கருவி யாவும் 24 வோல்ட்டுக்குப் பொருந்த வேண்டும். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் கட்டாயம்.

ஆகவே ஆலய நிர்வாகத்தினர் விலை கேட்கும்போதே தூரம், வோல்ட், கம்பிப் பருமன் மூன்றையும் எழுதி வாங்க வேண்டுகிறேன். கல்வெட்டில் பெயர் பொறிக்கத் தகடு உபயமே வேண்டும் என்பதில்லை. மண்ணுக்கடியில் கிடக்கும் கம்பியும் விளக்கு உபயமே. அன்னை அதை அறிவாள்.