பட்டாளத்துக்காரர் மனைவியின் ஆரி ஊசி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு அபூர்வம். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் விழுந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊர்களில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் பதிண்டாவிலும் ஜபல்பூரிலும் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து ஆரி போடுகிறார்கள், பட்டுநூல் வளையல் சுற்றுகிறார்கள், தஞ்சாவூர் ஓவியம் வரைகிறார்கள். அவர்களுக்கு யோசனை சொல்ல ஆள் ஏராளம். அந்த யோசனைகளில் பாதி தவறானவை. தவறுக்கு விலை கொடுப்பது மட்டும் அந்தப் பெண்தான்.

"சர்க்கார் சம்பளம் வருது, நீ பொழுதுபோக்குக்குத்தானே செய்யறே?"

இரண்டு மூன்று வருடத்துக்கொரு மாற்றல் என்றால், பி.எட். முடித்த பெண்ணால்கூட ஒரு பள்ளியில் காலூன்ற முடிவதில்லை. கணவர் குடும்பத்தை அழைத்துப் போக முடியாத ஃபீல்டுக்குப் போய்விட்டால் செலவு இரண்டு இடமாகிறது. சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் நாற்பது வயதையொட்டி ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் நேரம் அது. கையோடு எடுத்துப் போகக்கூடிய ஒரே வேலை கைத்தொழில்தான். அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைப்பது அநியாயம்.

பெயரோடு போனால்கூடப் பரவாயில்லை, அந்த எண்ணம் விலையில் வந்து உட்காருகிறது. ஒரு கல்யாண ப்ளவுஸுக்கு மணி, கல், ஜரிகை நூல் 800 ரூபாய் என்று வையுங்கள். தினம் ஐந்து மணி நேரமாக நான்கு நாள் வேலை. அக்கம்பக்கத்துப் பழக்கத்துக்காக 1,800 ரூபாய் வாங்கினால் கூலி மணிக்கு 50 ரூபாய். கண்ணையும் முதுகையும் கொடுத்துச் செய்கிற வேலைக்கு இது கூலியே அல்ல. மணிக்கணக்கை நோட்டில் எழுதாமல் விலை சொல்லாதீர்கள்.

"ராணுவத்துல இருக்கறவர் வீட்டுல வியாபாரம் பண்ணக்கூடாது. பண்ணினா அவர் பேர்லயே பண்ணிடு."

முதல் பாதி தவறு, இரண்டாம் பாதி ஆபத்து. பணியில் இருப்பவர் சொந்தமாக வியாபாரம் நடத்தத்தான் கட்டுப்பாடு. மனைவி தனி மனுஷி. தன் பெயரில், தன் பான் எண்ணில் தொழில் செய்யலாம். பாதுகாப்புத் துறையின் சிவிலியன் ஊழியர்களுக்குப் பொருந்தும் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், குடும்பத்தில் ஒருவர் வியாபாரம் செய்தால் அரசுக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன, தடுக்கவில்லை. சீருடைப் படையினருக்கு விதிகள் தனி. கணவர் யூனிட் அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. குவார்ட்டர்ஸ் குடியிருக்கக் கொடுத்த வீடு என்பதையும் மறக்கக்கூடாது. வாசலில் பெயர்ப்பலகை மாட்டவோ, வெளியாட்களைக் கேட் தாண்டி வரவழைக்கவோ நினைக்காதீர்கள்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவை உங்கள் பெயரிலேயே எடுங்கள். 2020 ஜூலை முதல் இருக்கும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்பவர் இடைத்தரகர். மாற்றலாகிப் போனால் முகவரியை அதே பதிவில் இலவசமாகத் திருத்திக்கொள்ளலாம்.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கணவர் அன்பளிப்பாகக் கொடுத்த பணத்தை முதலாகப் போட்டால், அந்த முதலின் விகிதத்துக்கு வரும் லாபம் வருமான வரிக் கணக்கில் கணவரின் வருமானத்தோடு சேரும். உங்கள் பெற்றோர் கொடுத்த பணம், நீங்களே சம்பாதித்தது, வங்கிக் கடன் ஆகியவற்றில் தொடங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கிடைக்கும்; ஆரி ஸ்டாண்டும் முதல் சரக்கும் வாங்க அது தாராளம்.

"கன்டோன்மென்ட்டே பெரிய சந்தை. கேண்டீன்ல வெச்சுட்டா போதும்."

சி.எஸ்.டி. கேண்டீன் நாடு முழுவதற்கும் சரக்கு எடுக்கும் அமைப்பு. தனி நடைமுறைப்படி பொருளைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கையால் மாதம் இருபது உருப்படி செய்பவருக்கு அந்த வழி பொருந்தாது. 1966-ல் தொடங்கிய ‘ஆவா’, அதாவது ராணுவ மகளிர் நலச் சங்கம், பயிற்சி தருகிறது, மேளாவில் கடை போட இடமும் தருகிறது. போய்ப் பயன்படுத்துங்கள். ஆனால் இன்று உங்களிடம் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரம்மாவும் நாளை மாற்றலாகிறவர்தான்.

"போஸ்டிங் வந்தா எல்லாம் போச்சு."

இந்த நம்பிக்கைதான் அதிகம் பேரை ஊசியைக் கீழே வைக்க வைத்திருக்கிறது. மாற்றலில் எது நின்றுபோகிறது, எது கூட வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் விடை தெரியும்.

ஆரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டைக் கழற்றினால் நான்கு கட்டை. துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, மேலே வலக்கையில் கொக்கி ஊசி, அடியில் இடக்கையில் நூல். இவ்வளவுதான் பட்டறை. மணியும் சமிக்கியும் டப்பாக்களில் அடங்கி, பெயரும் நம்பரும் பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியின் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். கேட்பவர்களும் பெரும்பாலும் கன்டோன்மென்ட்டில் இல்லை. முகூர்த்தத்துக்கு ப்ளவுஸ் வேண்டியவர்கள் ஆரணியிலும் குடியாத்தத்திலும் இருக்கிறார்கள். அளவு ப்ளவுஸும் துணியும் ஸ்பீட் போஸ்டில் வரும், வேலை முடிந்து அதிலேயே திரும்பும். நீங்கள் ராஜஸ்தானிலிருந்து அசாமுக்குப் போனால் அவர்களுக்கு மாறுவது பின்கோடு மட்டும்.

சுடுமண் நகை இப்படி வராது. மண்ணை வடிவமைக்க மேசை போதும். சுட நெருப்பு வேண்டும். குவார்ட்டர்ஸ் பின்கட்டில் உமியும் வறட்டியும் மூட்டம் போட விடமாட்டார்கள். ரெசின் வேலை வேறு விதத்தில் படுத்தும். 20 டிகிரிக்குக் கீழே போனாலே அது இறுக நேரமெடுக்கும், மங்கிப்போகவும் கூடும். சென்னையில் ஒரே இரவில் கெட்டியானது, குளிர்காலத்துப் பதான்கோட்டில் பிசுபிசுவென்றே இருக்கும். வடகிழக்கின் ஈரக்காற்றில் ஜரிகை கறுத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் தாக்குப்பிடிக்கும். தொழிலைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அடுத்த ஊரின் வெயிலையும் குளிரையும் கணக்கில் எடுங்கள்.

நாள்காட்டியையும் பாருங்கள். பள்ளி ஆண்டு முடிந்ததும் மூட்டை கட்டுவதுதான் பெரும்பாலான குடும்பங்களின் வழக்கம். வைகாசி முகூர்த்தமும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் வருகிறது. மாற்றல் எதிர்பார்க்கும் வருடத்தில் வைகாசி ஆர்டரைப் பங்குனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆடியில் புது ஊரில் ஸ்டாண்டைப் பூட்டினால் ஆவணிக்குத் தயாராக இருக்கலாம். முன்கூட்டியே சொன்ன தாமதத்தை யாரும் கோபிப்பதில்லை. கல்யாணப் பெண்ணின் துணி லாரியில் மாட்டிக்கொண்டால் மட்டும் அந்த ஊர் முழுக்கப் பெயர் போகும்.

"வீட்டிலிருந்து செய்யறதுக்கு ஜி.எஸ்.டி. எல்லாம் கிடையாது."

வீட்டில் செய்கிறோமா, கடையிலா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்றால், தொகை சிறிதானாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. 2018 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள், சில வடகிழக்கு மாநிலங்களில் 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பான் எண் வேண்டும், சரக்கின் மதிப்பு எவ்வளவானாலும் இ-வே பில் போட வேண்டும். துணி வாடிக்கையாளருடையது, வேலை மட்டும் உங்களுடையது என்றால் அது சேவையாகிறது. அதற்கும் 20 லட்சம் வரை விலக்கு 2017 முதல் இருக்கிறது. பெரிய ஆன்லைன் தளங்களில் பதிவில்லாதவர் சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்க முடியும். உங்கள் பொருள் அந்தக் கைவினைப் பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று கணக்காளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

"யூனிஃபார்ம் போட்டோ போட்டா மரியாதை, நாலு ஆர்டர் கூட வரும்."

ஆர்டர் வரலாம். கூடவே அவர் எந்த யூனிட், எங்கே இருக்கிறார் என்பதும் ஊருக்கே தெரியும். 2020-ல் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. அவர் அழித்த கணக்கின் வேலையை உங்கள் வியாபாரப் பக்கம் செய்யக்கூடாது. ப்ளவுஸைப் படமெடுக்கும்போது பின்னால் ஜன்னல், யூனிட் வண்டி, பெயர்ப்பலகை எதுவும் விழாமல் வெள்ளைத் துணி கட்டிக்கொள்ளுங்கள். கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்து வையுங்கள். பார்சலில் அனுப்புநர் முகவரியாக மாமியார் வீட்டையோ அம்மா வீட்டையோ எழுதலாம். வாடிக்கையாளர் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று முகவரி கொடுத்தால் தனியார் கூரியரிடம் போகாதீர்கள். அந்த ராணுவத் தபால் முகவரிகளுக்குப் பார்சல் தபால் துறை வழியாகத்தான் போய்ச் சேரும். வழக்கத்தைவிட நாள் கூடுதலாகும் என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.