தபால்காரர் திண்ணையோடு நிற்கட்டும்!

கணினிப் பகுதி: ஒரு கம்பெனியில் மெயில் சர்வரை எங்கே வைப்பது?



இ-மெயில் அனுப்புகிறோம், சரி. அது போய் இறங்கும் இடம் எது? அதுதான் மெயில் சர்வர். ஒரு கம்பெனியின் மெயில் சர்வரில் சம்பள விவரம், ஒப்பந்தம், வாடிக்கையாளர் எழுதிய கடிதம் என்று எல்லாமே கிடக்கும். அதைப் பிடித்தவன் கம்பெனியையே பிடித்த மாதிரி. "அப்படின்னா நல்லா பூட்டி உள்ளே வெச்சுடலாமே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல்!

1. பூட்ட முடியாத கதவு

கணக்கு சர்வருக்கு உள்ளே இருக்கும் ஊழியர்களோடு மட்டும்தான் பேச்சு. மெயில் சர்வர் அப்படியில்லை. உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் கடிதம் போட்டாலும் வாங்கியாகணும். அதற்காக 25 என்ற எண்ணுள்ள போர்ட், அதாவது வாசல், இரவு பகலாகத் திறந்தே இருக்கும். அந்த வாசலில் பேசும் முறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். 1982-ல் ஜான் போஸ்டல் அதன் விதிகளை எழுதினார்.

திறந்த வாசலில் என்ன நடக்கும்? 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் ஒரு 'புழு' நிரலை இணையத்தில் விட்டார். அது நுழைந்த வழிகளில் ஒன்று, சென்ட்மெயில் என்ற மெயில் மென்பொருள். பிழை பார்ப்பதற்காக அதில் விட்டுவைத்திருந்த ஒரு வசதியைப் பயன்படுத்தி, பெறுநர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் கட்டளையை எழுதியது புழு. சர்வரும் அப்படியே செய்துவிட்டது! சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது அன்றைய மதிப்பீடு.

2. வைக்க மூன்று இடம்

காவலுக்கு ஃபயர்வால் உண்டு. எந்த வாசலுக்கு யார் போகலாம் என்று பார்த்து விடும் காவல்காரர் அது. சர்வரை வைக்க மூன்று இடம் இருக்கிறது.

(அ) ஃபயர்வாலுக்கு வெளியே: பணப்பெட்டியைத் தெருவில் வைப்பது போல. வேண்டாம்.

(ஆ) உள்ளே, மற்ற கணினிகளோடு: பத்திரம் போலத் தெரியும். ஆனால் 25-ஆம் வாசலுக்கு வருகிறவரைக் காவல்காரர் நேரே உள்ளே விட்டாகணும். சர்வரில் ஓட்டை இருந்தால் திருடன் நடுக் கூடத்தில் நிற்பான். காவல்காரர் பார்ப்பதோ தெருவை!

(இ) நடுவில்: இதற்கு டி.எம்.இசட். என்று பெயர், அதாவது 'படை நீக்கிய பகுதி'. 1953 ஜூலை 27 போர்நிறுத்த ஒப்பந்தத்தின்படி வட, தென் கொரியாவுக்கு இடையே சுமார் 4 கி.மீ. அகலத்தில் விட்ட பட்டைக்கும் இதே பெயர்தான்.

நம்ம பாஷையில் சொன்னால், திண்ணை! முன்பின் தெரியாதவரும் திண்ணையில் உட்காரலாம். ஆனால் அடுக்களைக்குள் போக முடியாது.

3. வேலையைப் பிரிக்கணும்

ஒரே சர்வரைத் திண்ணையில் வைத்தால், எல்லோருடைய கடிதமும் திண்ணையில் கிடக்கும். அதனால் இரண்டு சர்வர் வேணும்.

இணையம் → ஃபயர்வால் 1 → திண்ணை சர்வர் → ஃபயர்வால் 2 → களஞ்சிய சர்வர்

திண்ணை சர்வர் கடிதத்தை வாங்கி, வைரஸ், குப்பை மெயில் பார்த்து, உள்ளே தள்ளிவிடும். சேர்த்து வைக்காது. கடிதங்கள் தங்கும் இடம் களஞ்சிய சர்வர். இனி விதிகள்:

* வெளியிலிருந்து கடிதம் வரத் திண்ணையின் 25-ஆம் வாசல் மட்டும்.
* திண்ணையிலிருந்து உள்ளே, களஞ்சிய சர்வர் ஒன்றுக்கு மட்டும், அதே 25-ஆம் வாசலில். வேறு எந்தக் கணினியையும் தொடக் கூடாது.
* உள்ளே இருக்கும் ஊழியர் பாஸ்வேர்டு எதுவும் திண்ணை சர்வரில் இருக்கக் கூடாது.
* வெளியே போகும் கடிதமும் திண்ணை வழியாகத்தான். ஊழியர் கணினி எதுவும் நேரடியாக 25-ல் வெளியே பேசக் கூடாது. இல்லாவிட்டால் வைரஸ் பிடித்த ஒரு கணினியே ஊருக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்பும்.

"பாஸ்வேர்டும் இல்லை, உள்ளே கேட்கவும் கூடாது. அப்போ இந்தப் பெயரில் ஆள் இருக்கிறாரா என்று திண்ணைக்கு எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2007-ல் வந்த 'எட்ஜ்' சர்வர் இதற்கு ஒரு வழி செய்தது. உள்ளே இருக்கும் சர்வரே பெயர்ப் பட்டியலைத் திண்ணைக்குக் கொண்டுவந்து கொடுக்கும். திண்ணை உள்ளே போய்க் கேட்காது.

4. 2021-ல் நடந்தது

25-ஆம் வாசலை மட்டும் காத்தால் போதாது. ஊழியர்கள் வீட்டிலிருந்து மெயில் பார்க்க, பல கம்பெனிகள் எக்ஸ்சேஞ்ச் களஞ்சிய சர்வரின் 443-ஆம் வாசலை, அதாவது வெப் வாசலை, நேரே இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தன. அதில் இருந்த ஓட்டை வழியாக, பாஸ்வேர்டே இல்லாமல் நுழைந்தார்கள். 2021 மார்ச் 2-ல் மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. அதற்குள் பலர் மாட்டியிருந்தார்கள், அதற்குப் பிறகும் மாட்டினார்கள். ஐரோப்பிய வங்கி ஆணையம் தன் மெயில் அமைப்பையே நிறுத்தி வைத்தது. நார்வே நாடாளுமன்றத்திலிருந்து தகவல் திருடு போனது.

இதில் கவனிக்க வேண்டியது, திருத்தம் போட்ட பிறகும் திருடர்கள் உள்ளே வைத்துவிட்டுப் போன 'கள்ளச் சாவி' நிரல் அப்படியே இருந்தது. 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நீதிமன்ற அனுமதி வாங்கி, நூற்றுக்கணக்கான சர்வர்களிலிருந்து அதை நீக்க வேண்டியதாயிற்று.

அந்த வாசலை வி.பி.என். என்ற தனிப் பாதைக்குப் பின்னால் வைத்திருந்தவர்களிடம் வெளியாள் வந்து கதவைத் தட்டவே முடியவில்லை. ஓட்டை அவர்கள் சர்வரிலும்தான் இருந்தது. ஆனால் சர்வர் இருந்த இடம் அவர்களைக் காப்பாற்றியது.

5. திண்ணை கட்டினால் போதுமா?

போதாது. "உங்கள் பாஸ்வேர்டை அனுப்புங்கள்" என்ற பொய்க் கடிதம் முறையாகத் திண்ணை ஏறித்தான் வரும். அதைத் தடுக்கப் படிப்பவருக்கு விழிப்பு வேணும். திருத்தங்களையும் வந்த அன்றே போடணும். ஆனால் என்றாவது ஒருநாள் திண்ணை சர்வர் திருடன் கையில் விழுந்தாலும், அவனுக்கு முன்னால் இன்னொரு கதவு பூட்டி இருக்கும். அந்த இரண்டாவது கதவுக்காகத்தான் இத்தனை பாடும்.

சிந்திக்க ஒரு கேள்வி: ஃபயர்வால் 1, ஃபயர்வால் 2 இரண்டும் ஒரே மாடலாக இருந்தால் என்ன ஆபத்து? விடை தெரிந்தவர்கள் கீழே உள்ள காலி இடத்தில் பென்சிலால் எழுதுங்கள்!

— பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு