தாடை வலிக்குப் பல்வரிசைதான் காரணமா?

வாயைத் திறக்கும்போது காதருகே எழும் ஒலி, மெல்லும்போது கன்னத்தில் வலி, காலையில் எழுந்ததும் தாடையில் இறுக்கம். இத்தொல்லைகளுடன் வருவோர் பலர், "பல்வரிசை சரியில்லாததால்தான் வலிக்கிறதா? கம்பி கட்டினால் தீருமா?" என்று கேட்கின்றனர். இதற்கு ஆய்வுகள் தந்துள்ள விடையை நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நன்று. தேய்த்து நீக்கிய பல்லின் எனாமல் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே அவசர முடிவு ஆகாது.

மூட்டின் அமைப்பு

காதுக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் தாடை மூட்டின் அசைவை உணரலாம். கீழ்த்தாடையின் உருண்ட முனை மண்டையோட்டின் பள்ளம் ஒன்றில் பொருந்தியிருக்கிறது. இரண்டுக்கும் இடையே நார்த்திசுவாலான மெல்லிய தட்டு மெத்தைபோல் அமைந்துள்ளது. இத்தட்டு சற்று இடம்பெயர்ந்தால் ஒலி எழும். வலியோ தடையோ இன்றி ஒலி மட்டும் எழுவது பலரிடமும் காணப்படுவதே. அதற்குப் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை. வலி பெரும்பாலும் மூட்டைக் காட்டிலும் மெல்லும் தசைகளிலேயே தோன்றுகிறது.

ஆய்வுகள் கூறுவன

1934-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். பற்களை இழந்ததால் தாடை அளவுக்கு மீறி மூடி மூட்டை அழுத்துவதே தொல்லைக்குக் காரணம் என்பது அவர் கருத்து. அதன்பின் பற்களைத் தேய்த்துச் சமன்செய்யும் சிகிச்சை நெடுங்காலம் வழக்கில் இருந்தது.

1976-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இக்கருத்தைச் சோதித்தது. தாடைத் தசை வலியுற்ற 25 பேருக்குப் பற்களைத் தேய்ப்பதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டது. உண்மையில் எதுவும் தேய்க்கப்படவில்லை. எனினும் 16 பேர் வலி முழுமையாகவோ பெருமளவோ நீங்கியதாகக் கூறினர். அவர்கள் பொய்யுரைக்கவில்லை, வலி உண்மையே, குறைந்ததும் உண்மையே. பற்களைத் தேய்த்தபின் வலி குறைந்தது என்பதனால் மட்டும் பற்களே காரணம் என்று முடிவு செய்ய இயலாது என்பதே இதன் பாடம்.

இதற்கு மாறான அச்சமும் உண்டு. கம்பி கட்டியதால் தாடை நோய் வந்தது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், 1987-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில நடுவர்குழு பெருந்தொகையை இழப்பீடாக வழங்கியது. அதன்பின் ஆய்வுகள் பெருகின. அவற்றைத் தொகுத்து மெக்நமாரா, செலிக்மன், ஓக்சன் ஆகியோர் 1995-இல் வெளியிட்ட கட்டுரை, வளரிளம் பருவத்தில் செய்யும் பல்சீரமைப்பு இந்நோயின் வாய்ப்பைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை எனக் கூறியது. முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத நிலை, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பின்பற்களின் இழப்பு போன்ற சில நிலைகளுக்கே தொடர்பு காணப்பட்டது. அவற்றுள் சில, மூட்டு நோயின் விளைவாகவும் இருக்கலாம்.

2006 முதல் அமெரிக்காவின் நான்கு நகரங்களில் 2,700-க்கும் மேற்பட்ட நலமுடையோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியது. உடலின் பிற பகுதிகளில் வலி, உறக்கக் குறைவு, மன அழுத்தம், பற்களை இறுகக் கடிக்கும் பழக்கம், தாடையில் அடிபடுதல் ஆகியவை உடையோரிடம் இவ்வாய்ப்பு மிகுந்திருந்தது.

நாம் செய்யத்தக்கவை

நாட்பட்ட தாடை வலிக்கு 2023-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சிகள், தசைகளுக்கான கைச்சிகிச்சை, எண்ணங்களையும் நடத்தையையும் சீராக்கும் உளவியல் சிகிச்சை ஆகியவற்றை முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. வீட்டில் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

• உணவு உண்ணாத வேளையில் உதடுகள் மூடியிருக்கட்டும். பற்கள் ஒன்றையொன்று தொடாதிருக்கட்டும்.
• வலி மிகுந்த நாள்களில் இட்லி, குழைந்த சோறு போன்ற மென்மையான உணவை உண்க. முறுக்கு, கரும்பு, சூயிங்கம் ஆகியவற்றைத் தவிர்க்க.
• கொட்டாவி விடும்போது தாடையைக் கையால் தாங்கிக்கொள்க.
• வெதுவெதுப்பான ஒத்தடம் தசை இறுக்கத்தைத் தளர்த்தும்.
• உறக்கத்தில் நோயாளி பற்களை நறநறவெனக் கடிப்பதை உடனிருப்போரே அறிவர். அதனை மருத்துவரிடம் தெரிவிக்க.

தாமதிக்கக் கூடாத நிலைகள்

தாடை வலியுடன் நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருப்பின் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்கு வருக. 50 வயதைக் கடந்தோர்க்கு மெல்லும்போது தாடை வலியும், புதிய தலைவலியோ பார்வை மங்கலோ தோன்றினால் அன்றே மருத்துவரைக் காண்க. வாய் திடீரெனத் திறக்கவோ மூடவோ இயலாமற்போனாலும் காலம் தாழ்த்தலாகாது. பாக்கு, பான் மசாலா மெல்லுவோர்க்கு வாய் திறப்பு நாளுக்கு நாள் குறைந்துவருமாயின், அது புற்றுநோயாக மாறக்கூடிய வாய்நோயின் அடையாளமாக இருக்கலாம். பரிசோதனை கட்டாயம் தேவை.

நன்றாக மெல்லவும், எளிதாகத் துலக்கவும், தோற்றப் பொலிவுக்கும் பல்வரிசையைச் சீரமைத்துக்கொள்ளலாம். ஆனால் தாடை வலி ஒன்றிற்காகவே பற்களைத் தேய்க்கவோ, கம்பி கட்டவோ, அறுவை செய்யவோ எவரேனும் கூறினால், இசைவு அளிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் வலி தசையிலா, மூட்டிலா? இச்சிகிச்சையின் விளைவைப் பின்னர் மாற்ற இயலுமா? எளிய முறைகளை முதலில் முயன்று பார்க்கலாமா?