ஆடிக்காற்றில் அரிக்கும் தோல்: எலுமிச்சை வேண்டாம், என்ன செய்யலாம்?

கோலார் தங்கவயல் வாசகர்களுக்கான பருவகால ஆலோசனை: ஆனி முதல் ஆவணி வரை

மேல்காற்று கிளம்பிவிட்டது. நம் ஊருக்குப் பெருமழை புரட்டாசி, ஐப்பசியில்தான். அதுவரை தூறலோடு சரி, காற்றுதான் அதிகம். அது சயனைடு மேட்டு மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். உடம்பு அரிப்பு, வறட்சி, குதிகால் வெடிப்பு, படர்தாமரை எல்லாம் இந்த மூன்று மாதத்தில் தலைகாட்டும். ஆடி பிறந்தால் அம்மன் கோயில் எலுமிச்சையும் வீட்டில் சேரும். அரித்த இடத்தில் அதைப் பிழிந்து தேய்ப்பது பல வீடுகளில் முதல் வைத்தியம். அதை விட்டுவிடுங்கள். புளிப்பு தோலுக்கு உதவாது என்பதல்ல. எந்தப் புளிப்பு, எவ்வளவு, எந்த இடத்தில் என்று பார்த்துச் செய்ய வேண்டும்.

முதலில் மண்ணைக் கழுவுங்கள்

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. கல்லை அரைத்து, சயனைடு கொண்டு தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மட்டும் மூன்று கோடி டன்னுக்கு மேல் 13 மேடுகளாக நிற்கிறது. வெயிலிலும் காற்றிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மண்ணில் சயனைடு பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால் மாவாக அரைத்த குவார்ட்ஸ் கல் சிதையாது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் வியர்வையோடு ஒட்டி, சொறியச் சொறியத் தோலைக் கீறிவிடும்.

- வெளியிலிருந்து வந்ததும் முகம், கழுத்து, கை, காலை வெறும் தண்ணீரால் கழுவுங்கள். தேய்க்க வேண்டாம், தண்ணீர் ஓடினால் போதும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் லைன் வீடுகளில் இரண்டு சொம்பு கிடைத்தாலும் சரி.
- பீர்க்கங்கூடு, கடலைமாவு, சர்க்கரை என்று எதையும் போட்டு இப்போது தேய்க்காதீர்கள்.
- கழுவிய ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் அல்லது வாசலின் தடவுங்கள்.
- துணியைக் காற்றடிக்கும் பக்கத்தில் காயப்போட்டால் உதறிவிட்டு உடுத்துங்கள்.
- மேட்டோரமாக நடக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள். நுண்ணிய கல்தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பது சுரங்கத்தில் வேலை பார்த்தவர் உள்ள வீடுகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எலுமிச்சையை ஏன் தேய்க்கக் கூடாது

நம் தோலே இலேசான புளிப்புத் தன்மை உள்ளதுதான். பி.எச். அளவில் அது சுமார் 5. அந்தப் புளிப்புதான் கிருமிகளைக் கட்டுக்குள் வைக்கிறது. எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. இந்த அளவுகோலில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் புளிப்பு பத்து மடங்கு கூடும். ஆக, 5க்கும் 2க்கும் நடுவே ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஏற்கெனவே கீறல் விழுந்த தோலில் இதைப் பிழிந்தால் எரிச்சலும் புண்ணும்தான் மிச்சம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், ஃப்யூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் ஓரிரு நாளில் சிவந்து கொப்புளம் போடும். பிறகு கருந்தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும். மேகமூட்டமாக இருந்தாலும் இது நடக்கும். முகம் வெளுக்கும் என்று தேய்த்தவருக்கு முகத்தில் கரும்பட்டை விழுவது இப்படித்தான். கோயிலில் தந்த பழத்தைச் சாதத்துக்கோ ஊறுகாய்க்கோ வையுங்கள். வெயிலில் நின்று எலுமிச்சை பிழிந்தால் உடனே கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஆப்பிள் சிடர் வினிகரும் இதே போலக் கடும் புளிப்புதான். மரு உதிரும் என்று பஞ்சில் நனைத்துக் கட்டி வைத்து வெந்துபோனவர்கள் உண்டு.

தயிர்: உதவும், ஓரளவுக்கு

தயிரின் புளிப்பு லாக்டிக் அமிலம். பி.எச். 4.5க்குப் பக்கம் என்பதால் தோலுக்கு அதிகம் அந்நியமில்லை. இறந்த தோலை இளக்கி மெதுவாக்கும். முழங்கை, முழங்கால், வெடிப்பில்லாத குதிகாலில் மெல்லிதாகத் தடவி, பத்து நிமிடத்தில் கழுவி, உடனே எண்ணெய் தடவலாம். வாரம் இரண்டு முறை போதும். புண், கொப்புளம், சிரங்கு உள்ள இடத்தில் வேண்டாம். படர்தாமரையும் தேமலும் தயிரில் போகா.

குதிகால் வெடிப்புக்கு

இரவில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கால் வையுங்கள். ஈரத்தைத் துடைத்து, வாசலினைத் தாராளமாகத் தடவிப் பருத்திக் காலுறை போட்டுத் தூங்குங்கள். பிளேடால் சீவாதீர்கள். தோல் தடித்திருந்தால் மருந்துக்கடையில் யூரியா கலந்த களிம்பு கேளுங்கள்.

கால் ஆணிக்கு ஒட்டும் வட்டப் பிளாஸ்திரியில் 40 சதவீதம் வரை சாலிசிலிக் அமிலம் இருக்கும். வில்லோ மரப்பட்டையிலிருந்து அறியப்பட்ட பொருள் இது. ஆணியின் மேல் மட்டும் படும்படி ஒட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் இதைத் தொடவே கூடாது. சின்னப் புண் பெரிதாகிக் காலையே பதம் பார்த்துவிடும்.

படர்தாமரைக்கு

மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் விடியுமுன் வண்டி ஏறி, பெங்களூரில் வேலை பார்த்து, இரவு திரும்புகிறவர்கள் நாள் முழுக்க வியர்த்த துணியிலேயே இருக்கிறார்கள். தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாக அரித்தால் பெரும்பாலும் அது பூஞ்சைதான்.

இதற்கு உரிய பழைய புளிப்பு மருந்து ஒன்று உண்டு: விட்ஃபீல்டு களிம்பு. லண்டன் தோல் மருத்துவர் ஆர்தர் விட்ஃபீல்டு நூறாண்டுக்கு முன்பே கூட்டிய கலவை. 6 சதவீதம் பென்சாயிக் அமிலம், 3 சதவீதம் சாலிசிலிக் அமிலம். பென்சாயிக் அமிலம் முதலில் கிடைத்தது சாம்பிராணிப் பிசினிலிருந்துதான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முன்பு இடம்பெற்றிருந்த இந்தக் களிம்பின் விலையும் குறைவு.

- கை, கால், முதுகில் உள்ள வட்டத்துக்கு, ஓரத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை வரை, காலையும் இரவும் தடவுங்கள்.
- அரிப்பு நின்றதும் நிறுத்தாதீர்கள். மூன்று நான்கு வாரமாவது தொடர வேண்டும்.
- முகம், தொடையிடுக்கு, பிறப்புறுப்புப் பக்கம் இது எரியும். அங்கே மருத்துவர் தரும் வேறு மருந்துதான்.
- கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கேட்காமல் போடாதீர்கள்.
- துண்டு, உள்ளாடை, சோப்பு ஆளுக்கொன்று. ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோரையும் பாருங்கள். வட்டம் உள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து போட்டால்தான் போகும்.

கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் ‘மூன்று மருந்து கலந்த’ கிரீமை வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். உள்ளே பூஞ்சை பரவும். தோல் மெலிந்து வரிவரியாகும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு அறிவித்திருக்கிறது.

முகப்பருவுக்கு

2 சதவீதம் வரை சாலிசிலிக் அமிலம் உள்ள முகம் கழுவும் திரவம், நாளுக்கு ஒருமுறை. தோல் உரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள். பருவைக் கிள்ளாதீர்கள்.

புதிதாக எதைத் தடவினாலும்

முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் விட்டுப் பாருங்கள். எரிச்சல், சிவப்பு இல்லையென்றால் மற்ற இடத்தில் போடலாம். எரிந்தால், எதுவானாலும், பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். புளிப்பை முறிக்கச் சமையல் சோடா போடாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம்

- சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தால் அன்றே.
- சர்க்கரை நோயாளியின் காலில் எந்தப் புண்ணானாலும் அன்றே.
- இரவில் அதிகமாக அரித்து, வீட்டில் பலருக்கும் இருந்தால் அது சொறியாக இருக்கலாம், தாமதிக்க வேண்டாம்.
- வலியோ அரிப்போ இல்லாத, உணர்ச்சி மழுங்கிய வெளிர்த் திட்டு இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும்.
- உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் தடித்து முள்முள்ளாக இருந்து, உடம்பில் கரும்புள்ளிகளும் தோன்றினால், குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆர்செனிக் கலந்த நீரைப் பலகாலம் குடித்தாலும் இப்படி வரும்.

ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். தேவைப்பட்டால் கோலார் எஸ்.என்.ஆர். மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். போகும்போது இதுவரை தடவிய களிம்புக் குழாய்களை, காலியானதையும் சேர்த்து, பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எலுமிச்சையோ வினிகரோ தேய்த்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.