ஷேக்ஸ்பியரும் கணினியும்

கேள்வி: என் மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். இலக்கியப் பாடத்தில் கணினிக்கு என்ன வேலை?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நிறைய வேலை இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தின் மூன்று பாகங்களுக்கும் அவர் காலத்து நாடகாசிரியரான கிறிஸ்டோபர் மார்லோவை இணையாசிரியராகக் குறிப்பிட்டு, 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு புதிய ஷேக்ஸ்பியர் பதிப்பை வெளியிட்டது. அந்த முடிவில் கணினி ஆய்வுக்குப் பெரிய பங்குண்டு. எழுதுகிறவர் யோசிக்காமலே போடும் சின்னஞ்சிறு சொற்கள் எத்தனை முறை, எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்று எண்ணினால் யார் கை என்பது ஓரளவு பிடிபடும். மனிதர் எண்ணி மாளாத வேலை அது! ஆனாலும் அறிஞர்கள் எல்லோரும் இதை ஏற்கவில்லை. அக்கால நாடகங்களில் பல தொலைந்துவிட்டதால் ஒப்பிடக் கிடைப்பவை குறைவு. அந்த வாதத்தை எடைபோட, நாடகத்தை வரிவரியாக வாசித்த மனம் வேண்டும். மகள் கணினியும் கற்கட்டும், நாடகத்தை முழுதாகப் படித்த பிறகு.