புதிய கோல்கீப்பர் கவசம்: பழக்குவதும் பராமரிப்பதும்

2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி மதுரைக்கே வந்தது. அதைப் பார்த்து எங்கள் ஊர் வடுகபட்டிப் பிள்ளைகளும் கோல் காக்கக் கிளம்பினால், சில குறிப்புகள்:

● ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம்; வேகமாக வந்தால் எலும்பையே முறிக்கும். ஹெல்மெட், மார்புக் கவசம், காலில் கட்டும் பேட், ஷூவின் மேல் மாட்டும் கிக்கர், கையுறை எதையும் தவிர்க்காதீர்கள்.

● புது பேட் விறைப்பாக இருக்கும். வீட்டிலேயே தினமும் அரைமணி நேரம் மாட்டி, குனிந்து நிமிர்ந்து, பக்கவாட்டில் நகர்ந்து பழகுங்கள். முதலில் மெதுவான பந்துகளையே தடுங்கள்.

● ஷூவை மாலையில் வாங்குங்கள். அப்போது பாதம் சற்றே வீங்கியிருக்கும். விளையாடும்போது போடும் சாக்ஸையே அணிந்து அளவு பாருங்கள்.

● செயற்கைப் புல் மைதானத்தில் தண்ணீர் தெளிப்பதால் கிக்கர் நனையும். ஈரத்தோடு பைக்குள் திணித்தால் நாறும். பூண்டைப் போல நிழலில் காற்றாட உலர்த்துங்கள். கடும் வெயில் ஃபோமைக் கெடுக்கும்.

● வியர்வை படிந்த உட்புறத்தை மென்சோப்பு நீரில் நனைத்த துணியால் துடையுங்கள்.

● ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ஹெல்மெட் திருகுகளையும் கிக்கரின் அடிவாரையும் பாருங்கள். விரிசல் விட்ட ஹெல்மெட்டை ஒட்டவைத்துப் போடாதீர்கள், உடனே மாற்றுங்கள்.