தொடு உணர்வுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

சென்ற வருடம் என் வீட்டு இன்டர்நெட் இணைப்பை இரு மடங்கு வேகத்துக்கு மாற்றினேன். ஃபைல்கள் சீக்கிரம் டவுன்லோட் ஆயின. ஆனால் வெளிநாட்டு நண்பருடன் விளையாடும் கேமில் தாமதம் அப்படியே இருந்தது. ஏன்? தொடு உணர்வுள்ள விர்ச்சுவல் ரியாலிட்டியை உதாரணமாகக் கொண்டால் இது எளிதில் புரியும்.

2002 அக்டோபர் 29 அன்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஒருவரும், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒருவரும் கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த ஒரே பெட்டியைச் சேர்ந்து தூக்கினார்கள். இருவரிடமும் ஃபேன்டம் என்ற கருவி இருந்தது. பேனா பொருத்திய சிறு இயந்திரக் கை அது. மற்றவர் பெட்டியைத் தள்ளுவதை அதன் மோட்டார்கள் நம் விரலுக்கு உணர்த்தும்.

கண்ணுக்கு நொடிக்கு 30 படங்கள் போதும். விரலுக்கு அது போதாது. கடினமான பொருள் கடினமாகவே தெரிய, நொடிக்குச் சுமார் 1000 முறை விசையைக் கணக்கிட வேண்டும்.

ஃபைபர் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். இந்த இரு இடங்களுக்கும் இடையே 5,000 கி.மீ.க்கு மேல் தூரம். டேட்டா போய்வர 50 மில்லி செகண்டாவது ஆகும். அதற்குள் 50 கணக்குகள் முடிந்துவிடும். பழைய நிலையை வைத்துத் தள்ளினால் பெட்டி நடுங்கும், கையும் அதிரும். எத்தனை எம்.பி.பி.எஸ். வாங்கினாலும் இந்தத் தாமதம் போகாது.

எனவே இத்தகைய நெட்வொர்க்கை அமைக்கும்போது மூன்று வழிகளைக் கையாளுகிறார்கள்.

1. டி.சி.பி. முறையில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அது மீண்டும் வரும்வரை பின்னால் வந்தவை காத்திருக்கும். யு.டி.பி. காத்திருக்காது. பெட்டியின் பழைய இடம் நமக்குத் தேவையில்லை என்பதால் யு.டி.பி.யே ஏற்றது.

2. பெட்டியின் நகல் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இருக்கும். விசைக் கணக்கு அங்கேயே நடக்கும். நெட்வொர்க் வழியே திருத்தங்கள் மட்டும் வரும்.

3. விரலால் உணர முடியாத சிறு மாற்றங்களை அனுப்புவதில்லை.

உங்கள் இணைப்பின் தாமதத்தை நீங்களே பார்க்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு ஓர் இணையதள முகவரியைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். டைம் என்பதற்கு எதிரே வருவதுதான் டேட்டா போய்வந்த நேரம், மில்லி செகண்டில். நான்கு வரிகளிலும் எண் பெரிதாக மாறினால் இணைப்பு சீராக இல்லை என்று அர்த்தம்.

அதிகப் பணம் கட்டி வேகமான பிளானுக்கு மாறும் முன் இந்த எண்ணையும் பாருங்கள். நான் மாறிய பிறகுதான் பார்த்தேன்!